மாட்டிக்கொல்வீர்கள்

கதவைத் திறந்ததும், பெட்டியைத் தூக்கி வந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "வாஷிங் மெஷினை எங்கம்மா வைக்கணும்?"

"வாஷிங் மெஷின் இல்லைங்க, மூணாம் வகுப்பு" என்றாள் அம்மா.

அவர் பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் தெரிந்த இரண்டு கண்களையும் பார்த்தார். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரைச் சொன்னார் என்று கடைசிவரை தெரியவில்லை.

சோபாவுக்குப் பின்னால் இருந்தவள் குண்டூசி. வீட்டிலும் சரி, மாடிப்படியிலும் சரி, அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, தலை பெரிசு. இருக்கிற இடம் தெரியாமல் கிடப்பாள், சமயம் பார்த்துக் குத்துவாள். எட்டு வயது முடிந்திருந்தது. பேச விட்டால் வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைத் தேடும் வரை பேசுவாள். ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால்தான் வாய் பூட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவளை எழுப்பி நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அவள் எழுத்துக்கு எழுத்து தட்டித் தடவி வருவதற்குள், வகுப்பு மொத்தமும் ராகம் போட்டு அதே மாதிரி இழுத்துக் காட்டியது. மறுநாளிலிருந்து குண்டூசிக்குக் காலையானால் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு சமர்த்தாக இருக்கும். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போதும். வீட்லயே நான் சொல்லித் தர்றேன்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.

அம்மாவின் வேலையும் வீட்டிலிருந்துதான். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்கு வரும் புகார்களைக் காதில் மாட்டிய போனில் கேட்டு, எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். அப்படி அனுப்பப்படும் மெக்கானிக்குகளில் ஒருவர் அப்பா. "வீட்லயும் இவ சொல்ற இடத்துக்குத்தான் போறேன், வெளியிலயும் இவ சொல்ற இடத்துக்குத்தான் போறேன்" என்று அலுத்துக்கொள்வார். மகளைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. "ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்கியோ ஒரு லூஸ் கான்டாக்ட். தேடினா கிடைச்சிடும்" என்பார்.

தேடுகிற வேலை அம்மாவின் தலையில் விடிந்தது.

எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது? கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அம்மாக்களின் குழுவில் ஒருத்தி, "நேரம் தவறாம மணியடிச்சு நடத்துங்க" என்றாள். இன்னொருத்தி, "புத்தகத்தைத் தூக்கிப் பரண்ல போடுங்க, குழந்தை தானா பூக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மாதிரிப் பக்கங்களை வரவழைத்துச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினாள். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. கடைசியில் இருப்பதிலேயே கனமானதைப் பார்த்து வாங்கிவிட்டாள். இவ்வளவு கனமாக இருக்கிறதே, உள்ளே ஏதாவது இல்லாமலா போகும் என்று ஒரு நம்பிக்கை.

உள்ளே இருந்தது. அட்டைகள், வண்ண மணிகள், வேளைக்கு வேளை என்ன செய்வது என்று சொல்லும் கால அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலே ஆசிரியர் கையேடு. அந்தக் கையேடு அம்மாவை ஒரு வார்த்தைகூடச் சொந்தமாகப் பேச விடவில்லை. குழந்தை சரியாகச் சொன்னால் முகம் மலர்ந்து 'சபாஷ், மிக நன்று' எனக் கூறவும் என்று போட்டிருந்தது. அம்மாவும் முகம் மலர்ந்தாள். குண்டூசி ஒரு சொல்லைப் படித்தால் மலர்ந்தாள், பாதியில் நிறுத்தினாலும் மலர்ந்தாள். சாயங்காலமானால் கன்னம் வலித்தது.

ஒரு வாரம் பொறுத்துக்கொண்ட குண்டூசி, கையேட்டைப் பிடுங்கித் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப நான் படிச்சதுக்கு என்ன சொல்லப் போறே?"

அம்மா விழித்தாள். "வந்து... நல்லா படிச்சே."

"பாத்தியா, திணறுறே. சபாஷ் சொன்னது நீ இல்ல, இந்தப் புக்கு. ஸ்கூல்லயும் இப்படித்தான். எல்லார் நோட்லயும் நட்சத்திர சீல் வைப்பாங்க. நான் எழுதாம விட்ட பக்கத்துலகூட வச்சிருக்காங்க."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காதில் போன் ஒலித்தது. எங்கேயோ ஒரு லிப்டின் கதவு மூடவில்லையாம்.

அடுத்தது கணினிப் பாடம். அதில் ஒரு கிளி வரும். சரியான விடையைத் தொட்டால் இறக்கை தட்டி, "பிரமாதம்!" என்று கத்தும். குண்டூசி கதவைச் சாத்திக்கொண்டு மும்முரமாகப் படித்தாள். அறைக்குள்ளிருந்து நாள் முழுக்கப் பிரமாதம், பிரமாதம் என்று சத்தம். நிலைக்கு மேல் நிலை தாண்டினாள். அம்மா பூரித்துப் போய் அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தாள். அன்று சாயங்காலமே, இருமல் மருந்துப் பாட்டிலை நீட்டி, "எத்தனை வேளைன்னு பாரும்மா" என்றபோதுதான் சாயம் வெளுத்தது. குண்டூசியால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

"அப்ப அந்தக் கிளி?"

"அது ஒரு அசடும்மா. ரெண்டு தடவை தப்பா தொட்டா, மூணாவது தடவை சரியானது தானா மினுக்கும். அதைத் தொட்டாப் போதும்."

அப்பா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். அம்மா முறைத்ததும், முக்கியமான ஸ்பேனர் எதையோ தேடிக்கொண்டு வெளியே போனார்.

விஷயம் அத்தையின் காதுக்குப் போனது. அத்தை ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளர். வீட்டாரிடம் பேசும்போதும் சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரித்தான் பேசுவாள்.

"ஏம்மா, நீயா பொட்டி பொட்டியா வாங்கிக் குமிச்சா ஆச்சா? எனக்குத் தெரிஞ்ச நிபுணர் ஒருத்தங்க இருக்காங்க. சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன். உக்கார வச்சு, சத்தமாப் படிக்கச் சொல்லி, எந்த நிலையில இருக்கான்னு பாத்துச் சொல்லிடுவாங்க."

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா. போன் ஒலிபெருக்கியில் இருந்தது. குண்டூசி சோபாவுக்குப் பின்னால் இருந்தாள்.

சனிக்கிழமை காலை குண்டூசி தலைவாரிக்கொண்டு, "அம்மா, நானே போய்க் குப்பையைக் கொட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அம்மா அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காதில் யாரோ ஒருவர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அவரை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அடுத்த போன் வந்தது. எடுத்ததும் மூச்சிரைப்பு.

"அம்மா... எங்க பில்டிங்ல... லிப்ட்டு கொலை பண்ணுதாம்!"

"சார், நிதானமா சொல்லுங்க. என்ன பண்ணுது?"

"எழுதியே ஒட்டியிருக்காங்கம்மா! உள்ளே போனா கொல்வீர்கள்னு! யாரு யாரைக் கொல்றதுன்னு தெளிவா இல்ல. நமக்கு எதுக்கு வம்புன்னு எட்டு மாடியும் ஏறிட்டேன். நெஞ்சு படபடங்குது."

"முகவரி சொல்லுங்க சார்."

அவர் சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்தாள். தெருப் பெயர் வரை வேகமாகப் போன விரல்கள் கட்டட எண்ணில் நின்றுவிட்டன. பேசுவது தலைக்கு மேலே எட்டாம் மாடியில் இருக்கும் கணக்காளர். அவர் சொன்னது, அம்மா அப்போது உட்கார்ந்திருந்த கட்டடத்தின் முகவரி.

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏங்க, கையில இருக்கிற வேலை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வாங்க."

"சாப்பாடா?"

"புகார்."

அப்பா வந்தபோது கீழே லிப்டைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். கதவிலிருந்து எல்லாரும் இரண்டடி தள்ளியே நின்றார்கள். காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா லிப்டின் மின்பெட்டியைத் திறந்து பார்த்தார், மேலே போய் மோட்டாரைப் பார்த்தார், ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். லிப்ட் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர் உயிரோடு வெளியே வந்ததும் கூட்டம் கைதட்டியது.

"இத்தனை பேர் இருக்கீங்களே, யாராவது ஒருத்தர் பட்டனை அமுக்கிப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எழுதியிருக்கும்போது எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள்.

அப்போதுதான் அவர் அந்த அறிவிப்பை நின்று படித்தார். கலர் பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டாவது வரிக்கு வந்ததும் மீசை துடித்தது. சத்தமில்லாமல் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லிப்டிலேயே ஆறாம் மாடிக்கு வந்து, அம்மாவின் முன்னால் விரித்து வைத்தார்.

*முக்கிய அரிவிப்பு*
*லிப்ட் பலுது. உள்ளே போனால் மாட்டிக்கொல்வீர்கள்.*
*நாங்கள் பொருப்பு இல்லை.*
*எல்லோரும் படியில் ஏரவும். வயதானவர்கள் நாளைக்கு வரவும்.*
*சிரமத்துக்கு வருந்துகிறோம்.*
*இப்படிக்கு நிர்வாகம்*

அம்மா படித்துக்கொண்டிருந்தபோதே நிபுணரின் போன் வந்தது. "மேடம், நான் நாலாவது மாடியில படிக்கட்டுல உக்காந்திருக்கேன். எனக்கு முழங்கால் சரியில்ல. இதுக்கு மேல முடியாது, இன்னொரு நாள் வர்றேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. முதலில் கோபம்தான் வந்தது. முழங்கால் வலிக்காரியை நாலு மாடி ஏற வைத்திருக்கிறாள். கணக்காளருக்கு நெஞ்சு படபடப்பு. ஆனால் கண் மறுபடி மறுபடி அந்தத் தாளுக்கே போனது. பெட்டிக்குள் இருந்த அத்தனை அட்டைகளாலும் இவளை ஒரு வரி எழுத வைக்க முடியவில்லை. இங்கே ஒரு பக்கம் நிறைய இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு கட்டடமே படியேறியிருக்கிறது.

"வெளியே வா" என்றாள் சோபாவைப் பார்த்து.

குண்டூசி வந்தாள். "அடிப்பியா?"

"முதல்ல இதைப் படி."

"எனக்குத்தான் படிக்க வராதே."

"எழுத மட்டும் வந்துச்சா?"

"அது எனக்கு வேணும்னு எழுதினது" என்றாள் குண்டூசி. பிறகு, குரல் இறங்கி, "அவங்க வந்தா சத்தமாப் படிக்கச் சொல்வாங்க" என்றாள்.

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "ஏறினவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அப்புறம் பேசுவோம், அது தப்புதான். ஆனா இந்த வரி இருக்கே, 'வயதானவர்கள் நாளைக்கு வரவும்'. அவங்க ஏறக் கஷ்டப்படுவாங்கன்னு யோசிச்சு எழுதியிருக்கே பாரு. எனக்கு இந்த வரி பிடிச்சிருக்கு."

குண்டூசி நிமிர்ந்து அம்மாவின் கைகளைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். கையேடு எங்கேயும் இல்லை.

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா எட்டாம் மாடி மாமா எதுக்கு அவ்வளவு பயந்தாரு தெரியுமா?" அம்மா ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "நீ எழுத நினைச்சது 'மாட்டிக்கொள்வீர்கள்'. எழுதினது இந்த 'ல'. இதைப் போட்டா, கொலை பண்றதுன்னு அர்த்தம்."

குண்டூசியின் வாய் பிளந்தது. "ஒரே ஒரு எழுத்துக்கா எட்டு மாடி ஏறினாரு?"

"ஒரே ஒரு எழுத்துக்கு."

"வாயில எல்லாம் ஒண்ணாத்தானே வருது? எழுத்துல மட்டும் எதுக்கு மூணு?"

"அதானே!" என்றார் அப்பா. "நானும் சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். வாளப்பளம்னு சொன்னா கடைக்காரன் குடுக்காமலா இருக்கான்?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

ஆனால் குண்டூசி சும்மா இல்லை. ஜேபியில் இத்தனை நாளாகப் பட்டாசு இருந்தது தெரியாமல் நடமாடியவளைப் போல அந்த எழுத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று முடிவானது. அதையும் எழுதித்தான் கேட்க வேண்டும். குண்டூசி கொஞ்ச நேரம் அழுது பார்த்தாள், வயிற்றுவலி என்று பார்த்தாள்; அம்மா மசியவில்லை. எழுதி நீட்டியபோது அம்மாவின் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடிப் போனது.

"நீ திருத்தாதே. எந்த வரியில இருக்குன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டாவது வரியில ரெண்டு இருக்கு."

குண்டூசி தாளின் மேல் படுத்துக்கொண்டு தேடினாள். ஒன்றைப் பிடித்தாள். இன்னொன்று கிடைக்காமல் சரியாக இருந்த ஒன்றையும் கெடுத்தாள், மறுபடி சரிசெய்தாள். மூக்கு நுனியில் பென்சில் கரி. மத்தியானம் கீழே போய் ஒட்டினாள். *லிப்ட் நல்ல லிப்ட். பொய் சொன்னது நான். ஆறாம் மாடி குண்டூசி. இனிமேல் உண்மையான பழுது வந்தால் மட்டும் எழுதுவேன். யாருக்காவது கால் வலித்தால் பை தூக்க வருவேன்.*

சாயங்காலத்துக்குள் அதன் கீழே யாரோ, *மன்னித்தோம். ஆனால் உடம்பு இளைத்திருக்கிறது, அடுத்த வாரமும் ஒரு பொய் சொல்லவும்* என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். குண்டூசி ஓடி வந்து, "என்ன எழுதியிருக்குன்னு நானே படிச்சேன்!" என்று கத்தினாள். அம்மா முகம் மலரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். காய்கறிப் பை அம்மாள் மட்டும் வாக்குறுதியை மறக்காமல், அந்த வாரம் முழுக்க மணியடித்து மணியடித்து அவளைப் பை தூக்க வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பாடம் நடந்த விதத்தை எந்தக் கையேடும் ஒப்புக்கொள்ளாது. கால அட்டவணை அலமாரியின் ஆடுகிற காலுக்கு அடியில் போனது. பெட்டியின் அடியில் கிடந்த ஒலிப் பயிற்சிப் புத்தகம் ஒன்று மெல்லிசாக, நல்லதாக இருந்தது. அம்மா அதை மட்டும் வெளியே எடுத்தாள். காலையில் குண்டூசிக்குக் கொட்டாவி வரும்வரை அது. மிச்ச நேரத்தில் வம்பு. அப்பாவின் டிபன் டப்பாவில், *உள்ளே பல்லி இருக்கிறது* என்று சீட்டு வரும். அவர் பதறித் திறந்தால், அவளுடைய பழைய பள்ளி அடையாள அட்டை இருக்கும். "பள்ளியைத்தான் பல்லின்னு எழுதிட்டேன்" என்பாள் குண்டூசி, வேண்டுமென்றே எழுதிவிட்டு. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. *இன்று உனக்கு ஒரு அரை தோசை* என்பதில் றகரத்தைப் போட்டு, *அறை* என்று எழுதி அடுப்புப் பக்கம் ஒட்டினாள். குண்டூசி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். தப்பாக எழுத வேண்டுமானால் சரியானது தெரிந்திருக்க வேண்டுமே. அதற்காகவே அவள் அம்மாவின் பழைய அகராதியை இழுத்து வைத்துக்கொண்டு, திருட்டு முழியோடு பக்கம் பக்கமாகத் தேடினாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. சில நாள் எழுத்துகள் அவளுக்கு ஒத்துழைக்காது. புத்தகத்தை வீசி எறிவாள். "நான் மக்கு" என்று சோபாவுக்குப் பின்னால் போய்விடுவாள். அப்போதெல்லாம் அம்மா இல்லை என்று வாதாடுவதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அந்த இடத்தில் இரண்டு பேருக்கு இடம் போதாது. கொஞ்ச நேரத்தில் நெரிசல் தாங்காமல் குண்டூசியே வெளியே வந்துவிடுவாள்.

நிபுணர் ஒருநாள் மறுபடி வந்தார். இந்த முறை லிப்டில். அத்தையும் கூடவே வந்து, மேலாளர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிபுணர் பையிலிருந்து ஒரு கதைப் பக்கத்தை எடுத்து நீட்டினார். கடிகாரக் கடைக்குள் நுழைந்த திருடனின் கதை.

குண்டூசியின் முகம் வெளுத்தது. அம்மாவின் முகமும்தான்.

"சத்தமா படிக்கணுமா?"

"ஆமா. மெதுவாவே படிக்கலாம்."

குண்டூசி விரலை முதல் சொல்லின் அடியில் வைத்தாள். குரல் முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. திருடன் சன்னல் வழியாக இறங்குவதற்கே வெகுநேரம் பிடித்தது. கடைக்குள் எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரத்தில் மணியடிக்கத் தொடங்கிய இடத்தில், 'அதிர்ச்சியடைந்து' என்ற சொல் வந்து வழியை மறித்தது. அதி... என்றாள். நின்றாள். மறுபடி, அதி. அத்தை நாற்காலியில் நெளிந்தாள். நிபுணரின் உதடு பிரிந்தது. அம்மாவுக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்து முட்டியது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருங்க" என்றாள் குண்டூசி, தலையை நிமிர்த்தாமல். "யாரும் சொல்லாதீங்க. வந்துக்கிட்டிருக்கு."

சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. பிறகு, "அதிர்ச்சி... யடைந்து" என்றாள். என்றவள் அப்படியே விடாமல், பின்னால் போய் வரியை முதலிலிருந்து, இந்த முறை திருடனுக்கு நடுங்கும் குரல் கொடுத்துப் படித்தாள். பக்கம் முடிந்தபோது எல்லாருடைய டீயும் ஆறியிருந்தது. அத்தை கைக்குட்டையை எடுத்து, கண்ணில் தூசி என்றாள்.

நிபுணர் அம்மாவிடம் திரும்பினார். "இவளுக்கு அறிவுல ஒரு குறையும் இல்ல. எழுத்தும் சத்தமும் ஒட்டிக்கக் கொஞ்சம் நேரமெடுக்குது, அவ்வளவுதான். இன்னும் ரொம்ப நாள் எடுக்கலாம். இப்ப என்ன பாடத்திட்டம் வச்சிருக்கீங்க?"

அம்மா தயங்கினாள். அத்தையின் முன்னால் அதை எப்படிச் சொல்வது? "ஒரு சின்னப் புத்தகம்... மத்தபடி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிறோம்."

"அதையே தொடருங்க" என்றார் நிபுணர்.

"எனக்கு எத்தனை மார்க்கு?" என்று இடையில் புகுந்தாள் குண்டூசி.

"நான் மார்க் போடறதில்லம்மா."

"அப்ப நான் உங்களுக்குப் போடறேன். பத்துக்கு ஏழு."

"ஏழுதானா? ஏன்?"

"பொறுமையா கேட்டதுக்கு ஏழு. நடுவுல மூணு தடவை வாயைத் திறந்தீங்க, நான் பாத்தேன். அதுக்கு மூணு போச்சு."

நிபுணர் விடவில்லை. கடைசித் தடவை திறந்தது கொட்டாவிக்காக என்றும், அதற்கு மார்க் குறைப்பது நியாயமில்லை என்றும் வாதாடினார். கதவு வரை போயும் வாதாடினார். குண்டூசி நெடுநேரம் யோசித்து, கொட்டாவிக்குத் தனியாக இன்னொரு மார்க்கைக் குறைத்தாள்.